ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தெருநாயைப் பற்றியும் கேளுங்க

உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் செல்லப் பிராணி வளர்ப்போரும் வளர்க்காதோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆட்டையாம்பட்டி என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவது கை முறுக்குதான். சேலம் மாவட்டத்தில், நாமக்கல் எல்லையை ஒட்டிய இந்தப் பேரூராட்சியின் ஏதோ ஒரு தெருவைக் கொஞ்சம் மனதில் கொண்டு வாருங்க. விடிகாலையில் எண்ணெய்ச் சட்டி காய்கிறது. திண்ணை ஓரத்தில் நாலு நாய் சுருண்டு கிடக்கிறது. ஒரு வீட்டு ஆயா பழைய சோற்றைக் கொண்டு வந்து அவற்றுக்கு வைக்கிறார். எதிர்வீட்டு அம்மா, டியூஷனுக்குப் போகும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த நாய்களைத் தாண்டிப் போகப் பயப்படுகிறார்.

இரண்டு பேரும் ஒரே வார்டு. இரண்டு பேரும் ஒரே வார்டு உறுப்பினரிடம்தான் போகிறார்கள். "நாயைத் தொடாதீங்க" என்கிறார் ஒருவர். "மொத்தத்தையும் பிடிச்சுட்டுப் போங்க" என்கிறார் இன்னொருவர். இரண்டு பக்கமும் பகை வேண்டாம் என்று உறுப்பினர் சும்மா இருந்துவிடுகிறார். அடுத்த ஆண்டு அந்த நாலு நாய் பத்தாகிவிடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் உங்க தெருவில் இது நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது ஒரே ஒரு விஷயம். ஆயாவுக்கும் எதிர்வீட்டு அம்மாவுக்கும் தேவைப்படுவது ஒரே வேலைதான். அந்த வேலை உள்ளாட்சியின் வேலை. அதைச் செய்யப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பது உங்க ஓட்டு.

இது யாருடைய வேலை?

"நாய், மாடெல்லாம் நம்ம கையில இல்லீங்க" என்று யாராவது சொன்னால், அரசியலமைப்பைக் காட்டுங்க. 1992-ம் ஆண்டின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 12-வது அட்டவணையில், நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளாக 18 தலைப்புகள் இருக்கின்றன. குடிநீர், சாலை, தெருவிளக்கு, குப்பை எல்லாம் நமக்குத் தெரிந்தவை. 15-வது தலைப்பைப் பலர் படித்திருக்க மாட்டோம்: கால்நடைப் பவுண்டுகள், விலங்கு வதைத் தடுப்பு. 18-வது தலைப்பு இறைச்சிக் கூடங்களை ஒழுங்குபடுத்துவது.

கிராம ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் 29 தலைப்புகள். அதில் 4-வது, கால்நடை பராமரிப்பு, பால் பண்ணை, கோழி வளர்ப்பு. கோழிப் பண்ணைகள் நிறைந்த நாமக்கல் பக்கத்து ஊர்களுக்கு இது எவ்வளவு நெருக்கமான விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, தெருவிளக்கு எரியவில்லை என்று கேட்க உங்களுக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதே உரிமை தெருநாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்கவும் இருக்கிறது.

உங்க ஓட்டு எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ம் தேதி நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்கு அந்தத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மார்ச் 2-ம் தேதி பதவியேற்றார்கள். பதவிக்காலம் 5 ஆண்டு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பேரூராட்சியில் நீங்க போடுவது ஒரே ஓட்டு. அது உங்க வார்டு உறுப்பினருக்கு. தலைவரையும் துணைத் தலைவரையும் அந்த உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் உங்க வாசலுக்கு வந்து கை கூப்பும் வார்டு வேட்பாளரிடம்தான் நீங்க நேராகக் கேள்வி கேட்க முடியும். இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்த வேட்பாளர் உங்க தெருவிலேயே குடியிருக்கும் அக்காவாகவும் இருக்கலாம்.

சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் வசிப்பவர்களுக்கு நாலு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். நாலு பேரிடமும் கேட்கலாம்.

வார்டு சின்னது. வெற்றி தோல்வியைச் சில சமயம் விரல்விட்டு எண்ணும் ஓட்டுகளே முடிவு செய்துவிடும். செல்லப் பிராணி வளர்க்கும் பத்து வீடு, வீட்டுக்கு மூன்று ஓட்டு என்றால் 30 ஓட்டு. அந்தப் பத்து வீடும் ஒரே கேள்வியைக் கேட்டால் வேட்பாளர் நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சட்டம் வந்த வழி

விலங்குகள் விஷயத்தில் நாட்டுக்கே வழி காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், விலங்கு வதையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம். 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அவர் தலைமையில் உருவானது. பல ஆண்டுகள் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் நகரங்களில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் வழக்கம். சென்னையிலும் அப்படித்தான். எத்தனை கொன்றாலும் தெருவில் நாய் குறையவில்லை. காரணம் எளிது. சாப்பாடு கிடைக்கும் இடம் காலியானால் பக்கத்துத் தெரு நாய் அங்கே வந்துவிடும். மிஞ்சியவை குட்டி போடும். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 1964-லேயே சொன்னது சென்னையின் புளூ கிராஸ் அமைப்பு. மாநகராட்சி அதை ஏற்று நடைமுறைக்குக் கொண்டு வர 1996 ஆகிவிட்டது. ஒரு நல்ல யோசனை தெருவுக்கு வந்து சேர 32 ஆண்டு! உள்ளாட்சி சம்மதிக்காமல் இந்த வேலை நகராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பிறகு இந்த முறையே நாடு முழுவதற்கும் விதியானது. முதலில் 2001-ல் நாய்களுக்கான விதிகள் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023. இதன்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு வழியாக அதைச் செய்ய வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த நாய்க்குக் காதில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அடுத்த முறை தெருவில் பார்க்கும்போது கவனியுங்க.

2025-ல் உச்ச நீதிமன்றம் இதில் முக்கியமான உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆகஸ்ட் 22-ம் தேதி உத்தரவுப்படி, பிடிக்கப்பட்ட நாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே பகுதியில் விட வேண்டும். வெறிநோய் தாக்கிய நாயையும், மூர்க்கமாகக் கடிக்கும் நாயையும் அப்படி விடக் கூடாது. ஒவ்வொரு வார்டிலும் உணவு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும். கண்ட இடத்தில் தெருவில் வைக்கக் கூடாது. நவம்பர் 7-ம் தேதி உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களைப் பற்றியது. அங்கிருந்து பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கேயே விடாமல் காப்பிடத்தில் வைக்கச் சொன்னது. நெடுஞ்சாலைகளில் திரியும் மாடுகளை அகற்றவும் சொன்னது.

இப்போது ஆயாவையும் எதிர்வீட்டு அம்மாவையும் மறுபடி நினைத்துப் பாருங்க. ஆயாவுக்குச் சோறு வைக்க ஓர் இடம் கிடைக்கிறது. அம்மாவுக்குப் பிள்ளையின் பள்ளி வாசல் பாதுகாப்பாகிறது. இருக்கிற நாய் தடுப்பூசி போட்ட, குட்டி போடாத நாயாகிறது. சட்டம் இரண்டு பேரையுமே கணக்கில் எடுத்திருக்கிறது. மிச்சம் இருப்பது, அதை உங்க வார்டில் யார் நடத்திக் காட்டுவார் என்பதுதான்.

நடந்து காட்டிய ஊர்கள்

"இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்" என்று நினைக்க வேண்டாம். மனிதருக்கு வரும் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகவே பரவுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஓர் ஊரில் 70 சதவீத நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பதும் அதன் கணக்கு. கோவா அதைத்தான் செய்தது. தெருத் தெருவாகப் போய் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, 2021-ல் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்து நாடான பூடான், தன் தெருநாய்கள் அனைத்துக்கும் கருத்தடை முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் அறிவித்தது. அதற்கு 14 ஆண்டு பிடித்தது. ஒரே தேர்தலில் முடிகிற வேலை இல்லை இது. ஆனால் யாராவது ஒருவர் தொடங்கியாக வேண்டும்.

வேட்பாளரிடம் கேட்க 6 கேள்விகள்

1. நம்ம வார்டில் எத்தனை தெருநாய் இருக்கிறது, அதில் எத்தனைக்குக் கருத்தடை ஆகியிருக்கிறது? எண்ணாமல் திட்டம் போட முடியாது. "ஜெயிச்சதும் கணக்கெடுக்கச் சொல்லுவேன்" என்பதே நல்ல தொடக்கம்.

2. கருத்தடைக்கு எங்கே கொண்டு போவீங்க? சின்னப் பேரூராட்சியால் தனியாக மையம் நடத்துவது கஷ்டம். பக்கத்து உள்ளாட்சிகளோடு சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ள மன்றத்தில் பேசுவாரா என்று பாருங்க.

3. வருடா வருடம் தடுப்பூசி முகாம் நடக்குமா? கால்நடை பராமரிப்புத் துறையோடு சேர்ந்து, தெருநாய்க்கும் வீட்டு நாய்க்கும் ஒரே நாளில் முகாம் வைக்கலாம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். நல்ல நாள்.

4. இறைச்சிக் கழிவு எங்கே போகிறது? கறிக்கடை, கோழிக்கடைக் கழிவைச் சாலையோரம் கொட்டினால் நாய்க் கூட்டம் அங்கேதான் சேரும். கழிவைத் தனியாக வாங்கி அப்புறப்படுத்தாமல் நாய்த் தொந்தரவு தீராது.

5. உணவு வைக்கும் இடம் எது? குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வீட்டு வாசல்களுக்கும் தள்ளி ஓர் இடம், ஒரு நேரம், சாப்பிட்ட பிறகு சுத்தம். இதை இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசி முடிக்க அவர் தயாரா?

6. சாலையில் திரியும் மாட்டுக்கு என்ன ஏற்பாடு? பவுண்டில் அடைத்தால் தண்ணீர், தீவனம், நிழல் உண்டா? உரிமையாளரிடம் அபராதம் வசூலிப்பது மட்டும் போதாது.

பதிலை எப்படி எடை போடுவது?

இரண்டு வேட்பாளர்கள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயா கேட்கிறார்: "ஏனுங்க தம்பி, நம்ம தெரு நாய்க்கு என்னங்க பண்ணப் போறீங்க?"

முதலாமவர்: "கவலையே வேண்டாங்க ஆயா. ஜெயிச்ச மறுநாளே வண்டி வெச்சு மொத்தத்தையும் பிடிச்சு, ஏரிக்கரைப் பக்கம் கொண்டு போய் விட்டுடறேன்."

இரண்டாமவர்: "ஒரே நாள்ல தீராதுங்க ஆயா. மொதல்ல எண்ணணும். அப்புறம் பொட்டை நாய்களுக்கு முன்னாடி ஆபரேஷன், எல்லாத்துக்கும் ஊசி. மன்றத்துல தீர்மானம் வெச்சு, பட்ஜெட்ல இதுக்குன்னு பணம் ஒதுக்கச் சொல்லிக் கேப்பேன். ஆனா நீங்க எல்லா வாசல்லயும் சோறு வைக்காம ஒரே இடத்துல வைக்கணும்."

முதல் பதில் காதுக்கு இனிக்கிறது. ஆனால் அது விதிக்கு எதிரானது. ஏரிக்கரைக்குப் போன நாய் பக்கத்து ஊருக்குப் பிரச்சினை. இங்கே காலியான இடத்துக்கு வேறு நாய் வரும். இரண்டாவது பதிலில் எண்ணிக்கை, வரிசை, பணம், நம் பங்கு நான்கும் இருக்கின்றன. "எல்லாம் பார்த்துக்கலாம்" என்பதற்கும் "இதை இப்படிச் செய்வேன்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்க.

யாருக்கு ஓட்டு என்பது உங்க முடிவு, அது ரகசியமும்கூட. குடிநீரும் சாக்கடையும் சாலையும் முக்கியம்தான். அவற்றோடு இந்தக் கேள்வியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்க என்பதுதான் நம் வேண்டுகோள்.

கேட்கிறவருக்கும் கடமை உண்டு

வேட்பாளரைக் கேட்கும் முன் நம் வீட்டுக் கதவையும் கொஞ்சம் பார்ப்போம். நாய் வளர்ப்பவரா நீங்க? ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கிறீங்களா? வெளியே கூட்டிப் போகும்போது கயிறு இருக்கிறதா? வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வருவதும் நம் ஊர்களில் நடப்பதுதான். இன்றைய தெருநாய்களில் பல, நேற்று யாரோ ஒருவர் வீட்டு நாயின் குட்டிகள். உங்க உள்ளாட்சியில் உரிமம் கேட்டால் எடுத்துவிடுங்க. சென்னை மாநகராட்சியில் செல்லப் பிராணி உரிமம் இணையவழியில் கிடைக்கிறது. மைக்ரோசிப் பொருத்தும் பணியும் 2025-ல் தொடங்கியது.

சட்டம் இரண்டு பக்கமும் வெட்டும். தன் வளர்ப்பு விலங்கால் மற்றவருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. விலங்குக்கு விஷம் வைத்தாலோ, கொன்றாலோ, ஊனமாக்கினாலோ 325-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. கோபத்தில் சோற்றில் மருந்து கலந்து வைக்கலாம் என்று யாராவது பேசினால், இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்க. அந்தச் சோற்றைத் தின்னப் போவது நாய் மட்டும்தான் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

பட்டியலில் பேர் இருக்கா?

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். சட்டமன்ற வாக்காளர் பட்டியலை அடிப்படையாகக் கொண்டுதான் வார்டு வாரியான பட்டியல் தயாராகிறது. அதனால் 18 வயது நிறைந்தவர்கள் படிவம் 6 கொடுத்து முதலில் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். வீடு மாறியிருந்தால் படிவம் 8. பட்டியல் வெளியானதும் உங்க பேர் சரியான வார்டில் இருக்கிறதா என்று பாருங்க. பிராணிகள் மேல் பிரியம் உள்ள இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் எத்தனை பேர் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஓட்டுப் போட்ட பிறகு

மை காய்ந்ததோடு வேலை முடியவில்லை. ஜெயித்தவர் சொன்ன பதிலைத் தேதியோடு எழுதி வையுங்க. ஆறு மாதம் கழித்து, மன்றக் கூட்டத்தில் இது பற்றித் தீர்மானம் வந்ததா என்று கேளுங்க. பதில் இல்லையா? செயல் அலுவலரிடம் எழுத்து மூலமாக மனு கொடுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். "நாய்க் கருத்தடைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எத்தனை நாய்க்கு முடிந்தது?" என்ற மூன்று கேள்வி போதும். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும், 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணும் இருக்கின்றன. கிராம ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் உட்பட ஆண்டுக்கு ஆறு முறை.

கால்நடைக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டால் 1962 என்ற இலவச எண்ணை அழையுங்க.

மறக்கக் கூடாதது

நாய் கடித்தாலோ, நகம் கீறினாலோ, காயத்தில் நாக்குப் பட்டாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். நேராக அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை, தடுப்பூசி இலவசம். மருத்துவர் சொல்லும் எல்லாத் தவணையையும் போட்டு முடியுங்க. வீட்டில் வளர்ந்த குட்டிதானே என்று விட்டுவிடாதீங்க. ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

வாயில்லா ஜீவன்களுக்கு வாக்காளர் அட்டை கிடையாது. அவற்றுக்குச் சோறு வைக்கும் ஆயாவிடம் அது இருக்கிறது. அவற்றைக் கண்டு பயப்படும் அம்மாவிடமும் இருக்கிறது. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு ஒருவர் உங்க வாசலில் நிற்கும்போது, இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்து அந்த ஆறு கேள்விகளையும் கேட்டுப் பாருங்க.